நாலு விரல் தள்ளி

எங்கள் பருத்திச் செடியைப் பெரியம்மா தன் உடம்பை வைத்துத்தான் அளப்பாள். வரப்பில் சும்மா நடந்து போகிறவள் போல வருவாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் எங்கள் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிற்பாள். செடி முழங்காலுக்கு வந்திருக்கிறதா, தொடையைத் தொட்டுவிட்டதா என்று குனியாமலே பார்த்துக்கொள்வாள். பிறகு வரப்பைத் தாண்டித் தன் வயலில் இறங்கி அங்கேயும் அதே போல நிற்பாள். இரண்டு அளவும் ஒத்துப்போகாத நாளில் அவள் வீட்டுப் பாத்திரங்கள் சாயங்காலம் வரை சத்தம் போடும்.

அந்தச் சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. என் அம்மாவுக்கு ஓரகத்தி. எங்கள் குக்கர் விசில் அடித்தால் அவள் குக்கர் அதைவிட ஒரு விசில் கூடுதலாக அடித்தே தீரும். நாங்கள் கதவுக்கு வண்ணம் பூசினால் அவள் கதவுக்கும் ஜன்னலுக்கும் சேர்த்துப் பூசுவாள். எங்கள் கொடியில் புதுத்துணி காய்ந்தால் அன்றைக்குப் பார்த்துத்தான் அவளுக்குத் தலைவலி வரும். "சின்னவளுக்கு என்ன, கொடுத்து வெச்சவ" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விடும் பெருமூச்சில் எங்கள் காலண்டர் ஆடும் என்று பெரியப்பா சொல்வார்.

பெரியப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் வண்டி, நடுவில் வயல். மனைவியின் புகைச்சலோடு இத்தனை வருடம் வாழ்ந்து பழகி, அதை வானிலை மாதிரி எடுத்துக்கொள்ளக் கற்றவர். என் அப்பா லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அதனால் எங்கள் பங்கு வயலில் அம்மாதான் எல்லாம்.

பெரியம்மாவின் பொறாமைக்கு வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். அது எங்கள் கிணற்றில் இருக்கிறது.

அவள் கல்யாணமாகி வந்த வருடம் அந்தக் கிணற்றை வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து மேலே கொட்டியவர்களில் அவளும் ஒருத்தி. ஈர மண் தலையில் இறங்கி இறங்கி, உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி போனது. திரும்ப முளைக்கவே இல்லை. பல வருடங்கள் கழித்து நிலத்தைப் பிரித்தபோது சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கிணறு இருந்த பாதி எங்களுக்கு வந்தது. ஒரு கூடை மண்கூடத் தூக்காத என் அம்மாவுக்கு. சீட்டை எடுத்தது பெரியப்பாவின் வலது கை. இன்றைக்கும் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவினால், "அந்தக் கைதானே, வேற என்ன தெரியும் அதுக்கு" என்பாள்.

கிணறு எங்கள் பக்கம் என்றாலும் தண்ணீர் இரண்டு பாதிக்கும்தான். ஆனால் மோட்டார் சாவி எங்கள் வீட்டில். ஒவ்வொரு முறையும் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்து, "தண்ணி விடறியா?" என்று கேட்க வேண்டும். அம்மா ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. "இதோ வரேன்க்கா, அடுப்புல பால் இருக்கு, எறக்கி வெச்சுட்டு வந்துடறேன்" என்பாள். பால் பொங்கி இறங்கும்வரை பெரியம்மா வாசலில் நின்று எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்து, அம்மா பெரியம்மா வரும் நேரம் பார்த்துத்தான் பாலை அடுப்பில் வைப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாட்ச் கடைக்காரரின் மூலை நிலம் குத்தகைக்கு வந்தது.

அவர் டவுனில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். எங்கள் இரண்டு பாதிக்கும் அடுத்தாற்போல், வாய்க்கால் திரும்பும் மூலையில் அவருக்கு ஒரு துண்டு நிலம். முட்டி வலி வந்த பிறகு அவரால் வயலில் இறங்க முடியவில்லை. ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் நின்று சொன்னார்.

"வர்ற பருவத்துல பஞ்சு வெடிக்க ஆரம்பிக்கறப்போ வந்து பாக்கறேன். ரெண்டு பேர் வயல்ல எது எனக்குப் பிடிக்குதோ அவங்களுக்கே நிலம்."

"ஆளுக்குப் பாதியா குடுத்துடுங்களேன், வம்பே இல்ல" என்றார் பெரியப்பா.

"மடை ஒண்ணுதாங்க இருக்கு. அதையும் ரெண்டு பேருக்கும் பொதுவா குடுத்துட்டுப் போனா, நான் நிம்மதியா தூங்க முடியுமா?"

அப்போது பெரியம்மாவின் முகம் இருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த நிலத்துக்கு வாய்க்காலில் சொந்த மடை உண்டு. அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் அவளுடைய பாதிக்கும் தண்ணீர் போகும். பிறகு அவள் எங்கள் வாசலில் வந்து நிற்கவே வேண்டாம். இந்த ஜென்மத்தில் இனி யாரிடமும் தண்ணீர் கேட்க வேண்டாம். அதற்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் பருத்தியைவிட நல்ல பருத்தி. ஆனால் மூன்று பருவமாக எங்கள் செடிதான் முந்திக்கொண்டு மொட்டு வைத்தது. ஒரே கடை விதை, ஒரே கடை உரம், ஒரே கிணற்றுத் தண்ணீர். அவள் செடியோ ஆரம்பத்திலேயே கரும்பச்சையாகக் குறுகி, ஏதோ கோபித்துக்கொண்ட மாதிரி நிற்கும்.

ஒரு நாள் காலையில் என்னை அழைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. கடைக்குள் நுழைந்ததும், அடுக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்றைக் காட்டினாள்.

"நீ ரெண்டு பாஷையும் படிச்சவதானே. இதுல என்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தேன்.

"பின்னாடி?"

"பின்னாடியும் அதேதான் பெரியம்மா. இன்னொரு பாஷைல."

"நல்லாப் பாரு. ஒரு வார்த்தைகூட மாறலியா?"

உரக்கடைக்காரர் கணக்கை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்க சின்னவளுக்கு எந்த மூட்டையக் குடுக்கறீங்க?"

"இதே மூட்டைதாம்மா. இதே லாரில வந்ததுதான்."

"அப்போ அவ செடி மட்டும் ஏன் முன்னாடியே மொட்டு வெக்குது? எனக்குக் குடுக்கறதுல மண்ணக் கலக்கறீங்களா?"

"மண்ணுக்குக் காசு வாங்கினா நான் ஏன்மா இந்தக் கடைல உக்காந்துட்டு இருக்கேன்?" என்று அவர் சிரித்தார். "சரி, நீங்க எப்படிப் போடறீங்க?"

"எப்படிப் போடுவாங்க? கடைசி உழவுக்கு முன்னாடி வயல் பூரா வீசிப் போடறேன். என் வீச்சுல ஒரு மணி கூடக் குறைய இருக்காது."

"அங்கதான் தப்பு. உங்க மண்ணு சுண்ணாம்பு மண்ணு. இந்த டி.ஏ.பி. உரத்துல இருக்கற மணிச்சத்து அதுல கலந்துச்சுன்னா மண்ணே அதப் பூட்டி வெச்சுக்கும். யூரியா மாதிரி தண்ணியோட நடந்து போகாது இது. போட்ட எடத்துலயே உக்காந்துக்கும். வேருதான் தேடிப் போகணும். பச்சக் குழந்தை மாதிரி இருக்கற செடிக்கு வேரு எவ்ளோ தூரம் போகும்? அதுக்குக் கிட்டக்க இருக்கணும்மா. வரிசையா கோடு இழுத்து, அதுல போட்டு மூடணும்."

பெரியம்மா அதை உன்னிப்பாகக் கேட்டாள். எவ்வளவு கிட்டே என்று அவள் வாய் திறந்து கேட்கப் போனதை நான் பார்த்தேன். அதற்குள் அவர் இன்னொன்று சொல்லிவிட்டார்.

"உங்க ஓரகத்தியையே கேளுங்களேன். அவங்க அழகா போடுவாங்க."

திறந்த வாய் மூடிக்கொண்டது. ஒரு மூட்டை டி.ஏ.பி.யை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, பாக்கிச் சில்லறையைக்கூட எண்ணாமல் வெளியே வந்தாள். வீடு நெருங்கும்போது, "அழகா போடுவாங்களாம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அழகு என்ற சொல்லை அவ்வளவு கசப்பாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் விதைத்த அன்று பெரியம்மா மொட்டைமாடிக்கு வந்தாள். இரண்டு வீட்டு மாடியும் வயலைப் பார்த்தே இருக்கும். கையில் துணி வாளி. ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி, கொடியில் போட்டு, இழுத்து, மறுபடி எடுத்து உதறினாள்.

நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். அம்மா கயிற்றோரமாகக் களைக்கொத்தால் ஒரு கோடு கிழித்துக்கொண்டே போனாள். இடுப்புப் பையிலிருந்து உரமணிகளை எடுத்து, கோட்டில் சீராக விட்டாள். பிறகு பாதத்தால் மண்ணைத் தள்ளி மூடினாள். முதல் வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தாள்.

"தாகமா இருக்கு" என்றாள். "கொஞ்சம் உக்காரலாம்."

வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அவ்வளவு நிதானமாக அம்மா தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. தன்னை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று கூச்சப்பட்டோ என்னவோ, பெரியம்மா வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். மாடிக்கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகு அம்மா எழுந்தாள். மூடிய உரக்கோட்டின் மேல் கையை வைத்தாள். நாலு விரல் அகலம் தள்ளி, அதைவிட ஆழம் குறைவாக, விதைக்கு இன்னொரு கோடு கிழித்தாள்.

மறுநாள் பெரியம்மா விதைத்தாள். அவள் கோடு இழுக்கவில்லை. வரிசை பிடித்துக் குழி போட்டாள். குழிக்குள் தாராளமாக ஒரு சிட்டிகை டி.ஏ.பி. அதன் மேலேயே விதை. அதன் மேல் மண். வேன் ஓட்டிவிட்டு வந்த பெரியப்பா வரப்பில் நின்று பார்த்தார்.

"ஏம்மா, சோத்துத் தட்டுலயே பிள்ளையப் படுக்க வெச்சுட்டியே?"

"பசிச்சா எழுந்து தேட வேணாம்ல. கிட்டக்க இருக்கணும்னாரு கடைக்காரரு, நான் மடிலயே வெச்சுட்டேன்."

அந்த வாரம் அவள் நடையே வேறாக இருந்தது. எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றபோதுகூட செருப்புகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இது கடைசிப் பருவம் என்ற நிம்மதி. பால் பொங்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பொங்கட்டும்.

எங்கள் விதைகள் முளைத்தன. மண்ணை மண்டையால் முட்டித் தள்ளிக்கொண்டு, வரிசையாக, இரட்டை இலையை விரித்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் வெறும் மண். இரண்டு நாள் கழித்து அங்கொன்று இங்கொன்றாகத் தலை தெரிந்தது. கை கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணிய குழிகளில் மட்டும் செடி வந்திருந்தது. தாராளமாகப் போட்ட இடமெல்லாம் காலி. பல் கொட்டின வாய் மாதிரி இருந்தது வயல்.

முதலில் எறும்பைத் திட்டினாள். பிறகு பறவைகளை. பிறகு விதை சொத்தை என்று உரக்கடைக்காரரைக் கரித்துக் கொட்டினாள். எங்கள் கொடியில் காயும் துணிகூட அவள் வயலுக்கு வெயிலை மறைக்கிறது என்றாள். பெரியப்பா ஒரு குழியை விரலால் கிளறினார். உள்ளே விதை இருந்தது. வெடித்து, வேர்முனையை நீட்டிய விதைதான். ஆனால் நுனி பழுப்பாகக் கருகிச் சுருண்டிருந்தது.

"எறும்பு இல்லம்மா" என்றார் மெதுவாக. "உரம் சுட்டுடுச்சு. வறுத்து வெச்சுருக்கே."

"அப்போ அவளுது மட்டும் ஏன் வறுபடல?"

"அத அவகிட்டத்தான் கேக்கணும்."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

அந்த நாட்களில் என் அம்மா வேலை செய்யும்போது மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். சாதாரணமாக அவள் பாடுகிறவள் இல்லை. வரப்பில் நின்று பக்கத்து வயலின் காலி இடங்களைப் பார்ப்பாள். உச்சுக் கொட்டுவாள். அந்த உச்சில் வருத்தத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. அன்று அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்தது எனக்கு அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

காலி இடத்தை நிரப்ப வேண்டும் என்றால் சீக்கிரம் நிரப்ப வேண்டும். நாள் போனால் முளைத்த செடி வளர்ந்து, புதுச் செடியை நிழலில் அமுக்கிவிடும். நிரப்பத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு எங்கள் வாசல்தான்.

காலையில் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. உச்சியில் முடியில்லாத அந்த வட்டம் தெரிந்தது.

"தண்ணி விடறியா?"

"எந்த வரிசைக்குக்கா?" என்றாள் அம்மா அடுப்பிலிருந்து. "மொளைச்சதுக்கா, மொளைக்காததுக்கா?"

"ரொம்பப் பேசாதே. விடறியா, இல்லியா?"

"இதோ, பால எறக்கிட்டு..."

"உன் பால்ல இடி விழ! வருஷம் பூரா பொங்கிட்டே இருக்கு, ஒரு நாள் வழியல!"

நான் உள்ளே புத்தகத்தைத் திறந்தபடி வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளியே வந்தாள். கையில் சாவி இருந்தது. ஆனால் கொடுக்கவில்லை.

"திரும்பவும் அதே குழிலயா போடப் போறீங்க?"

"வேற எங்க போடறது? உன் தலைலயா?" என்றாள் பெரியம்மா. பிறகு குரல் இறங்கியது. எங்கேயோ பார்த்துக்கொண்டு, தனக்குத் தானே கேட்கிற மாதிரி கேட்டாள். "நீயும் உரத்தப் போட்டு மூடித்தானே விதைச்சே? நான் பாத்தேனே."

"மாடிலேந்து."

"துணி காயப்போட வந்தேன்."

"காஞ்ச துணியவா?"

அம்மா சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"நீங்க பாத்தது பாதிதான்க்கா. நீங்க எறங்கிப் போற வரைக்கும் நான் விதையத் தொடல. வேணும்னுதான் உக்காந்து தண்ணி குடிச்சேன். உரக்கோட்டுலேந்து நாலு விரல் தள்ளித்தான் விதை போடணும். கிட்டக்க இருக்கணும், ஆனா தொடக் கூடாது."

இனி சுவர் இடிந்து விழும் என்று நினைத்தேன். பெரியம்மாவின் முகத்தில் கோபம் ஏறுவதற்காகக் காத்திருந்தேன். ஏறத்தான் செய்தது. ஆனால் பாதி வழியில் நின்று, வேறு ஏதோவாக மாறியது. அவள் என் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள், எங்கள் பருத்தியை அளப்பது போலவே.

"வேணும்னுதான் பண்ணியா?"

"ஆமா."

"எம்மேல உனக்கும் புகைச்சலா?"

"இல்லாம?"

"எதுக்கு? எங்கிட்ட என்னடி இருக்கு? கிணறா, மோட்டாரா?"

"உங்க கை இருக்கே. நான் எடுக்கற பஞ்சுல பாதி சருகு. நீங்க எடுத்தா பூவா இருக்கு. மில்லுல என் மூட்டையப் பாத்து, 'உங்க அக்காவ அனுப்பக் கூடாதா'ன்னு கேக்கறான். ஒவ்வொரு வருஷமும் கேக்கறான்."

பெரியம்மா அதை உடனே விழுங்கிவிடாமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள்.

"எந்த ஆளு? எடை போடறவனா?"

"அவனும்தான், அவன் முதலாளியும்தான்."

"ரெண்டு பேருமா" என்றாள் பெரியம்மா. கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். "சரி, பால எறக்கு. வழியப் போகுது."

உண்மையிலேயே வழிந்துகொண்டிருந்தது.

அன்று அம்மா வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். கருகிய விதை ஒன்றைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உரம் சரியான எடத்துலதான் இருக்கு. விதைதான் எடம் மாறிப் போச்சு" என்றாள். புதிதாக உரம் போடத் தேவையே இல்லை. காலிக் குழிகளுக்கு நாலு விரல் தள்ளி விதையை மட்டும் ஊன்றினால் போதும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரிசையாகக் குனிந்து போனார்கள். ஒற்றுமை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். யார் வரிசை முதலில் முடிகிறது என்று இரண்டு பேருமே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். "உன் விரல் குச்சி மாதிரி இருக்கு, உனக்கு நாலுன்னா எனக்கு மூணு" என்று பெரியம்மா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

இந்த முறை விதைகள் வந்தன. அதற்குப் பிறகு பெரியம்மா அந்தப் பிள்ளைகளை விட்டு நகரவில்லை. மூத்த செடிகள் இளைய செடிகளை அமுக்காமல் கிளைகளை ஒதுக்கிவிட்டாள். சுற்றிலும் களை தலைகாட்ட விடவில்லை. வேர் கீழே இருந்த உரத்தைத் தொட்ட வாரம் அவளுக்கே தெரிந்தது. செடி ஒரே மூச்சில் எழுந்தது. எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்று அளப்பதையும் அவள் நிறுத்தவில்லை. ஆனால் இப்போது யாராவது பார்த்தாலும் நின்று அளந்தாள்.

எங்கள் பஞ்சு முதலில் வெடித்தது. வாட்ச் கடைக்காரர் சொன்னபடி வந்தார். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, எங்கள் வயலை ஒரு சுற்று வந்தார். எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே வயது. தலையை ஆட்டினார். அம்மா முகத்தில் வெளிச்சம் ஏறியது. பெரியம்மா தன் வரப்பில் நின்று ஒரு புல்லைக் கிள்ளிக் கிள்ளித் துண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் வயலுக்குப் போனார். அங்கே மூத்த செடிகளில் பஞ்சு வெடித்திருந்தது. இளையவற்றில் காய் பச்சையாக இருந்தது. ஒரு வரிசைக்குள்ளேயே பஞ்சும் காயும் மாறி மாறி. கடிகாரம் பார்க்கும் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு செடியின் அடியில் குனிந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது ஏன் ரெண்டு வயசா இருக்கு?"

பெரியம்மா கண்ணைச் சிமிட்டவில்லை. "பஞ்சு எல்லாம் ஒரே நேரத்துல வெடிச்சா எடுக்க ஆள் கிடைக்க மாட்டேங்குதுங்க. பாதி முன்னாடி, பாதி பின்னாடின்னு யோசிச்சுத்தான் போட்டேன்."

பெரியப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாட்ச் கடைக்காரர் என் அம்மாவைப் பார்த்தார்.

"அப்படியாம்மா?"

அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூலை நிலம் எங்களுடையது. மோட்டார் சாவியும் எங்களிடம், மடையும் எங்களிடம். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் தாகம் எடுத்தவள் போல எச்சிலை விழுங்கினாள்.

"ஆமாங்க. அக்கா எதையும் யோசிச்சுத்தான் பண்ணுவாங்க."

வாட்ச் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. எனக்கென்னவோ, அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

"என் நிலத்துல ஒரு பக்கம் எந்த வருஷமும் ஒழுங்கா மொளைச்சதில்ல. நான் ஒரு தடவ விதைப்பேன், வராதத அப்படியே விட்டுடுவேன். அங்க திரும்பத் திரும்பக் குனியற ஆளு வேணும்" என்றார். பெரியம்மா பக்கம் திரும்பினார். "நீங்க எடுத்துக்குங்க."

பெரியம்மா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் இல்லை, பெருமூச்சும் இல்லை. அவ்வளவு அமைதி எங்களுக்குப் பழக்கமே இல்லை.

அடுத்த பருவம் வந்தது. பெரியம்மா மூலை நிலத்திலிருந்து தன் பாதிக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டாள். மடையைத் தானே திறந்தாள், தானே அடைத்தாள். எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. அம்மா காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். பால் பொங்கும். இறக்கிவிடுவாள். "மடை கிடைச்சதும் மனுஷங்களே கண்ணுக்குத் தெரியல" என்பாள் என்னிடம். "நானா போய் நிக்கணுமா அவங்க வாசல்ல?" பெரியம்மா வீட்டுக் குக்கர் விசிலை நாங்கள் இப்போது எண்ணுகிறோம்.

மூலை நிலத்தில் விதைக்கிற நாளில் அம்மா துணி வாளியோடு மாடிக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். கீழே பெரியம்மா குனிந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். உரம் போட்டு மூடினாள். நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தாள்.

"என்னடி சின்னவளே! காஞ்ச துணியவா காயப்போடறே?"

"காத்து வாங்க வந்தேன்க்கா!" என்று அம்மா கத்தினாள்.

பெரியம்மா திரும்பினாள். எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டிக் குனிந்து, உரக்கோட்டின் மேல் கையை வைத்தாள். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"கட்டை விரலையும் சேத்து வெக்கறா பாரு. அஞ்சு விரல் தள்ளிப் போடறா."

"அதனால என்னம்மா?"

"எதுக்கு அஞ்சு? என்னமோ இருக்கு. எங்கயோ கேட்டுட்டு வந்துருக்கா. நீ சும்மா அந்தப் பக்கம் போற மாதிரி போய்ப் பாத்துட்டு வாயேன்."

"நீயே போய்க் கேளேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து, பலமாக உதறி, மறுபடி அதே இடத்தில் காயப்போட்டாள்.